வீட்டார் ஆமென்

டிக்சனுக்கு வலிப்பு நின்று இரண்டு வருடம் ஆகிறது. நிறுத்தியது கர்த்தர் என்று டிக்சன் சொல்வான். அட்டுவம்பட்டியில் அவன் போகிற சபையிலும் எல்லோரும் அதையே சொல்வார்கள். அவன் மனைவி அனிட்டாவிடம் கேட்டால் அவளும் தலையை ஆட்டுவாள். தினமும் சாயங்காலம் அவன் குடிக்கிற கருப்பட்டிக் காப்பியில் வலிப்பு மாத்திரையை நுணுக்கிப் போடுகிறவளே அவள்தான்.

டிக்சன் குடிகாரன் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. அப்படி இருந்திருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. அனிட்டா எப்போதோ அவனை விட்டுவிட்டு அப்பா வீட்டுக்குப் போயிருப்பாள். அவன் தாண்டிக்குடிக்கும் பெரும்பாறைக்கும் இடையே ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன். பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றினால் அந்த வளைவுகளில் ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கிவிடுவான் என்று பேர். ஒருநாள் ஸ்டாண்டில் மிளகு மூட்டையைத் தூக்கும்போது வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ள அவன் தரையில் கிடந்ததை மொத்த ஸ்டாண்டும் நின்று பார்த்தது. மாத்திரை சாப்பிட்டான், வலிப்பு நின்றது. ஆனால் முதலாளி ஜீப் சாவியைத் திருப்பித் தரவில்லை. மலைப்பாதையில் பத்துப் பேரை ஏற்றுகிற வண்டி அது. அவர் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு அட்டுவம்பட்டிக்குக் குடிவந்தார்கள். அனிட்டாவுக்கு அங்கே ஒரு காட்டேஜில் வேலை கிடைத்தது. சுற்றுலா வருகிறவர்கள் கசக்கிவிட்டுப் போகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, மடித்து அடுக்குவது. டிக்சன் வீட்டில் உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறோம் என்று பாதித் தட்டோடு எழுந்துவிடுவான். அவனை ஒரு மனுஷனாகக் கூப்பிட்டு நாற்காலி போட்ட முதல் இடம் அந்தச் சபைதான்.

சபை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரம் போட்ட ஒரு கூடம். பாஸ்டர் ஜெயபிரகாஷ் தானே தொடங்கித் தானே நடத்துவது. வேறு எந்தச் சபையோடும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அங்கே மருந்து கூடாது. தலைவலி மாத்திரைகூட விசுவாசக் குறைவு. பாஸ்டரின் மூக்குக்கண்ணாடி மட்டும் ஏனோ அந்தக் கணக்கில் சேராது. முதல் மாதத்திலேயே டிக்சன் தன் மாத்திரைகளை எல்லோருக்கும் முன்னால் வாசல் சாக்கடையில் கொட்டினான். அனிட்டா பிறந்ததிலிருந்து மாதா கோயில் பிள்ளை. புருஷன் போகிற இடத்துக்குப் போவதுதான் முறை என்று அவளும் அந்தச் சபை வழக்கப்படி தாலியையும் தோட்டையும் கழற்றி வைத்துவிட்டு வெள்ளைச் சேலைக்கு மாறினாள்.

வலிப்பு திரும்ப வந்தது. சும்மா வரவில்லை, வட்டியோடு வந்தது. ஒருமுறை கொதிக்கிற உலைப்பானையின் மேலேயே சாய்ந்து முழங்கை வரை வெந்துபோனான். ஒவ்வொரு தடவையும் நினைவு திரும்பியதும் முழங்கால் போட்டு, நான் என்ன பாவம் செய்தேன் என்று தேடத் தொடங்குவான். தேடித் தேடிக் கடைசியில், சின்ன வயதில் எஸ்டேட்டில் ஆரஞ்சு திருடியதைச் சொல்லி அழுதான். அதற்கும் வலிப்பு நிற்கவில்லை. கடித்த நாக்கோடு அவன் மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க அனிட்டாவுக்குக் கடவுள் மேலேயே ஆத்திரம் வந்தது.

அவள் அப்பா மரியசூசை வந்து பார்த்துவிட்டு, கிளம்பு என்றார். நோவில் கிடக்கிற மனுஷனை விட்டுவிட்டு எங்கே வருவது என்று அவள் கேட்டாள். நோயிலும் நலத்திலும் கைவிட மாட்டேன் என்று பீடத்தின் முன்னால் நின்று சொன்னவள் அவள். நலத்தில் யார் வேண்டுமானாலும் இருப்பார்கள். அந்த வார்த்தை நோய்க்காகத்தான் அதில் இருக்கிறது என்று அவள் உறுதியாக நம்பினாள்.

அதனால் ஒருநாள் வத்தலக்குண்டுக்கு இறங்கினாள். பழைய டாக்டரைப் பார்த்து, டிக்சனுக்கு வர நேரமில்லை என்று பொய் சொல்லி மாத்திரை வாங்கினாள். டாக்டர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த மாத்திரையைத் திடுதிப்பென்று நிறுத்தவே கூடாது. சாப்பிடாமலே இருப்பதைவிட, சாப்பிட்டுக்கொண்டிருந்ததைச் சட்டென்று விடுவது மோசம். அனிட்டா அதை மனதில் பதித்துக்கொண்டாள். மாத்திரைகளைக் காட்டேஜில் விரிப்பு அலமாரியில் வைத்துவிட்டு, தினமும் ஒன்றை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். தாண்டிக்குடிக் காப்பித்தூளின் கசப்பில் மாத்திரையின் கசப்பு காணாமல் போனது.

முதல் மாதம் முடிவதற்குள் வலிப்பு நின்றது. டிக்சன் மறுபடி பாட ஆரம்பித்தான், வயிறு நிறையச் சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சுகமானதைச் சொல்லப் போவதாக அவளிடம் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட அவள் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் எந்த மனைவி வாயைத் திறப்பாள்?

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சுகமானேன் என்று யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லிவிட முடியாது. ஒரே வீட்டில் கூட வாழ்கிற ஒருவர் எழுந்து நின்று, நான் கண்டேன், ஆமென் என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் அது சாட்சி. வீட்டார் ஆமென் என்று அதற்குப் பெயர். பொய்ச் சாட்சி சொல்கிறவர்களைத் தடுப்பதற்காகப் பாஸ்டரே கொண்டுவந்த ஏற்பாடு. டிக்சன் பேசி முடித்ததும் எல்லோரும் அனிட்டாவைத் திரும்பிப் பார்த்தார்கள். வலிப்பு வரவில்லை என்பது உண்மைதானே, அதைத்தானே கண்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அவள் எழுந்தாள். ஆமென் சொன்னாள்.

அந்த ஓர் ஆமென் அவளை விடவில்லை. டிக்சனின் சாட்சியைக் கேட்க ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள்; அதுவே அவனுக்கு ஊழியமானது. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை என்று எங்கே போனாலும் அனிட்டாவும் கூடவே போனாள், கையில் பிளாஸ்க்கோடு. எங்கே யார் காப்பி கொடுத்தாலும் டிக்சன், என் வீட்டம்மா காப்பிதான் எனக்கு இறங்கும் என்பான். கூட்டம் சிரிக்கும். இப்படி ஒரு தம்பதியைப் பார்க்க முடியுமா என்று பாஸ்டர் மேடையிலேயே மெச்சினார். கல்யாணமான, ஆகப்போகிற பெண்களுக்கு மாதம் ஒரு கூடுகை வைத்து அதில் அனிட்டாவைப் பேசச் சொன்னார். அவளும் பேசினாள். புருஷன் சோர்ந்தால் தாங்கிப் பிடியுங்கள், அவர் குறையை ஊருக்குக் காட்டாதீர்கள், அவர் தலை நிமிர்ந்து நிற்க உங்களால் என்ன முடியுமோ அதைச் செய்யுங்கள் என்றாள். மனதாரத்தான் சொன்னாள். சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை; அதுதான் கொடுமை.

இப்படித்தான் பெரும்பாறையில் ராக்காயி வீட்டுக்கு ஜெபத்துக்குப் போனார்கள். ராக்காயி எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். புருஷன் இல்லை. ஒரே மகள் ரோகிணி, இருபது வயதுக்குள் இருக்கும். அந்தப் பெண்ணுக்கும் வலிப்பு உண்டு. மாத்திரையில் நன்றாகவே இருந்தாள். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் மாத்திரை என்ற சொல்லைக் கேட்டதும் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்துபோனார்கள். டிக்சன் அண்ணனுக்கு ஆனது எனக்கும் ஆகட்டும் என்று அவள் அவன் பேச்சைக் கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அனிட்டா எழுந்து ஆமென் சொன்னபோது, அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஜெபம் முடிந்து எல்லோரும் முன்னறையில் பாடிக்கொண்டிருக்கும்போது ராக்காயி அடுப்படிக்குள் அனிட்டாவைக் கூப்பிட்டாள். ரோகிணி அன்றோடு மாத்திரையை விடப்போகிறாள், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, எனக்குத்தான் பயமாக இருக்கிறது என்றாள். பிறகு அனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊழியக்காரம்மா, கோவிச்சுக்காதீங்க. நான் படிக்காதவ. நெசமாவே அவுக மாத்திரை இல்லாமத்தான் இருக்காகளா?"

முன்னறையில் டிக்சனின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது. கதவு இல்லாத நிலைப்படி வழியாக அவன் முதுகு தெரிந்தது. சொன்னால் ராக்காயி வாயில் நிற்குமா, இன்று இரவே பாஸ்டர் காதுக்குப் போகும், நாளைக்கு டிக்சன் காப்பியைக் கொட்டுவான், அடுத்த வாரம் அவனைப் பெட்டியில் வைப்பார்கள் என்று அனிட்டாவுக்கு எல்லாம் ஒரே மூச்சில் ஓடியது.

"ரெண்டு வருசமா நான் கூடவே இருக்கேன்க்கா. அவர் ஒரு மாத்திரையக் கையால தொட்டதில்ல."

அது போதும்மா என்று ராக்காயி அவள் கையை விட்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அனிட்டாவுக்கு டாக்டர் சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது. நாளைக்கே தனியாகப் போய் ராக்காயியிடம் ஏதாவது சொல்லி, மாத்திரையை விடாமல் செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். மறுநாள் டிக்சனுக்குக் காய்ச்சல். மழையில் நனைந்தது. காய்ச்சலில் வலிப்பு கிளம்பிவிடுமோ என்று அவளுக்குப் பயம். காட்டேஜுக்கு ஓடி மாத்திரையை மட்டும் எடுத்து வந்து, வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து துணியை நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை ராக்காயி வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது ரோகிணி. மாத்திரையை ஒரேயடியாக விடாதே என்று அனிட்டா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ரோகிணி சிரித்தாள். கர்த்தர் உங்க வாயால என்னச் சோதிக்கிறாருக்கா, நான் அசைய மாட்டேன் என்றாள். உள்ளேயிருந்து டிக்சன் தண்ணீர் கேட்டான். அப்புறம் பேசுகிறேன் என்று அனிட்டா வைத்துவிட்டாள்.

அப்புறம் பேசவில்லை. டிக்சனின் காய்ச்சல் இறங்கிய அன்று காலையில் செய்தி வந்தது. காப்பிப் பழம் அலசுகிற தொட்டி ஓரத்தில் நின்று கூடையைக் கழுவிக்கொண்டிருந்த ரோகிணியை வலிப்பு இழுத்துத் தொட்டிக்குள் தள்ளியிருக்கிறது. முழங்கால் அளவுத் தண்ணீர். மற்ற பெண்கள் எடைபோடும் இடத்தில் இருந்தார்கள். அவர்கள் வந்து பார்க்கும்போது முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு டிக்சன்தான் ஜெபம் செய்தான். குரல் உடைந்து உடைந்து வந்தது; அந்தத் துக்கத்தில் வேஷம் இல்லை. ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்ற ராக்காயி, ஜெபம் முடிந்ததும் அவன் பக்கம் வந்து, எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்.

"நான்தான்யா கொன்னுட்டேன். எம்புள்ள நம்புனா. நான் நம்பாம ஊழியக்காரம்மாகிட்டப் போயி நெசமா நெசமான்னு கேட்டேன். அந்தச் சந்தேகந்தான் எம்புள்ளயத் தின்னுருச்சு."

டிக்சன் அவள் தலையில் கை வைத்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று அனிட்டா எதிர்பார்த்தாள். அவன், வீட்டில் ஒருவர் சந்தேகப்பட்டாலும் ஆசீர்வாதம் தடைபடும்தான் என்றும், கர்த்தர் உன்னை மன்னிப்பார் என்றும், மிகவும் அன்பாகச் சொன்னான். ராக்காயி அதை வாங்கிக்கொண்டு தலையாட்டினாள். அனிட்டா பக்கத்தில் இருந்த சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். செத்தவளுக்காக இப்படித் தாங்கமாட்டாமல் அழுகிறாளே என்று யாரோ சோடா கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் காப்பி போட்டாள். மாத்திரையை மட்டும் நுணுக்கவில்லை. டம்ளருக்குப் பக்கத்தில், தட்டில், முழுசாக வைத்தாள்.

"என்ன இது?" என்று டிக்சன் கேட்டான்.

"இதுதாங்க உங்க சொகம்."

அவனுக்குப் புரிய வெகுநேரம் ஆனது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வத்தலக்குண்டு, விரிப்பு அலமாரி, முந்தானை முடிச்சு, பிளாஸ்க். அவன் கத்துவான், டம்ளரைத் தூக்கி எறிவான் என்று பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தான். அடக்கத்தில் நான் ராக்காயியிடம் என்ன சொன்னேன் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றாள். 

காப்பியை விட்டான். அவள் கையால் வாங்கும் தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை, தானே குழாயில் பிடித்துக் குடித்தான். உபவாசம் என்றான். இப்போது உண்மையாகவே கர்த்தர் குணமாக்குவார், அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்து முழங்காலில் இருந்தான். அனிட்டா காலில் விழுந்தாள். திட்டுங்கள், அடியுங்கள், என்னைத் தள்ளி வையுங்கள், மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்று கெஞ்சினாள். அவனை நம்புவதா, கடவுளை நம்புவதா, டாக்டரை நம்புவதா என்று கேட்டால் அந்த நேரத்தில் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. அவளுக்கு அவன் உயிரோடு வேண்டும்.

நான்காம் நாள் காலையில் குழாயில் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவன் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விழுந்தான். அனிட்டா அங்கேயேதான் இருந்தாள். அவன் விழுவதற்காகவே காத்திருந்தவள்போல் ஓடிவந்து தலையை மடியில் தாங்கி ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். முன்னெப்போதையும்விட நீண்டது. ஒன்று முடியுமுன் இன்னொன்று வந்தது. அவன் உதடு நீலம் பாய்ந்ததை அவள் பார்த்தாள். செத்துவிட்டான் என்றே நினைத்தாள். மாதாவே, மாதாவே என்று, விட்டுவந்த பழைய வழக்கத்திலேயே அவள் வாய் முணுமுணுத்தது. பிறகு மூச்சு வந்தது.

நினைவு திரும்பியதும் அவன் பாவத்தைத் தேடவில்லை. ரத்தம் ஒழுகும் வாயோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவன் பயந்துபோயிருந்தான். அவனோடு வாழ்ந்த இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பயத்தை அனிட்டா அவன் கண்ணில் கண்டதில்லை. சாயங்காலம் வரை கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்துவிட்டு, எழுந்து உட்கார்ந்தான்.

"காப்பி போடு" என்றான்.

"போட்டு?"

"எப்பவும் போடுற மாதிரிப் போடு. நான் பாக்கல."

அவள் நுணுக்கிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தான். டம்ளரை வைத்த பிறகு, பெரிய கூட்டம் வருகிறது, நாலு ஊர்ச் சனமும் கூடுகிறது, பாஸ்டர் என் சாட்சியைத்தான் முதலில் வைத்திருக்கிறார் என்றான். ரோகிணி செத்ததிலிருந்து நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்களாம், அதற்காகவே நான் பேச வேண்டுமாம். அவன் குரல் மெதுவாகத்தான் இருந்தது. எப்போதும்போல அன்பாகத்தான் பேசினான்.

"ஊழியத்த விட்டா நான் மறுபடி யாருமில்ல அனிட்டா. நீ இதுநா வரைக்கும் எனக்காகச் செஞ்ச, நான் கேக்காமலே செஞ்ச. இப்ப நானே கேக்குறேன். யாருக்கும் தெரிய வேணாம். ராக்காயிக்குக் கண்டிப்பா வேணாம். அன்னைக்கு எந்திரிச்சு ஆமென் மட்டும் சொல்லிரு."

அனிட்டா டம்ளரைக் கழுவப் போனாள். இரண்டு வருடமாகப் பொய் சொன்னவள் அவள். அவன் ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாமல் தப்பாகச் சொன்னான், அவ்வளவுதான். அந்த நேர்மைக்காகத்தான் அவனைக் காப்பாற்ற நினைத்தாள். இப்போது உயிர் மட்டும் மிச்சம், நேர்மை போய்விட்டது. அதைப் பறித்ததும் தன் கைதான் என்று நினைத்தபோது, அவன் தன்னை நாலு அறை அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் வெள்ளனே கிளம்பினாள். எங்கே என்று டிக்சன் கேட்டான். ஒரு சோலி இருக்கிறது என்றாள். அவன் புரிந்துகொண்டு வாசல்வரை வந்தான், தடுக்கவில்லை. போகாதே என்று அவன் கண் சொன்னது. கல்யாணமானதிலிருந்து அவன் வேண்டாம் என்ற ஒன்றை அவனுக்குத் தெரிந்தே அவள் செய்தது அதுதான் முதல் தடவை. பஸ் மாறி, ஜீப் ஏறிப் பெரும்பாறை போய்ச் சேரும்வரை, ராக்காயி என்னென்ன செய்வாள் என்று எண்ணிக்கொண்டே போனாள். மண்ணை வாரித் தூற்றுவாள், மயிரைப் பிடித்து இழுப்பாள், போலீசுக்குப் போவாள். எது நடந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு எழுந்தால் முழங்கால் வலியோடு மனசும் லேசாகிவிடும். அந்த ஞாபகத்தில் ஏதோ ஒரு மூலையில் அவளுக்கு ஆறுதல்கூட இருந்தது.

ராக்காயி எஸ்டேட்டில் மிளகுக் கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்து உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் போன ஒரு வாரத்துக்குள் பாதியாகியிருந்தாள். ஊழியக்காரம்மா என்று எழப் போனவளை உட்கார வைத்து, அனிட்டாவும் எதிரில் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். உங்கள் சந்தேகம் ரோகிணியைக் கொல்லவில்லை, உங்கள் சந்தேகம்தான் சரி என்று தொடங்கினாள். டிக்சனின் வலிப்பு எப்படி நின்றது என்பதையும், அடுப்படியில் கேட்டபோது எதற்காக அப்படிச் சொன்னாள் என்பதையும் ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். அவர் காப்பியை விட்டுவிடுவாரோ என்ற பயம் என்றாள். அவர் செத்துப்போவாரோ என்ற பயம் என்றாள். வேறு வழி தெரியவில்லை என்றாள்.

ராக்காயி கை நகத்தில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். கத்தவில்லை, மண்ணை வாரவில்லை.  மேலேயிருந்து யாரோ அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவள் உட்கார்ந்தே இருந்தாள். கடைசியில் அவள் பேசியபோது ஊழியக்காரம்மா என்ற அழைப்பு போய்விட்டிருந்தது.

"அன்னைக்கு நான் உன்னச் சபையில வச்சா கேட்டேன்?" என்றாள். "அடுப்படியில, ஒத்தையில, கையப் புடிச்சுத்தான கேட்டேன்."

ராக்காயி கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"எங்காதுல ஒரு வார்த்த போட்டிருக்கலாமே. உம்புருசனக் காட்டியா குடுத்திருப்பேன்? நானும் எம்புள்ளைக்குத் தெரியாம காப்பியில கலந்து குடுத்திருப்பேன். அவளும் கர்த்தர் சொகமாக்குனாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு உசுரோட திரிஞ்சிருப்பா."